நடுவில் ஏஜென்சி இல்லாமல்: ஒரு ஃபிக்ஸ்சர் டிசைனரின் அனுபவம்

ஃபிக்ஸ்சர் டிசைன் என் தொழில். வார்ப்பாகவோ, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங்காகவோ வரும் ஒரு பாகத்தை, கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் விஎம்சி மெஷினில் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கருவிக்கு ஃபிக்ஸ்சர் என்று பெயர். பீஸ் எங்கே உட்கார வேண்டும், கிளாம்ப் எங்கே அழுத்த வேண்டும், டூல் வரும் வழியில் ஏதாவது தட்டுமா, ஆப்பரேட்டர் அவசரத்தில் தலைகீழாக வைத்தால் உட்காராமல் தடுக்க என்ன செய்வது, இதையெல்லாம் யோசித்து மாடலும் வரைபடமும் போட்டுக் கொடுப்பேன். அம்பத்தூர், திருமுடிவாக்கம், திருமழிசை, காக்களூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று சென்னையைச் சுற்றி வாகன பாகம் செய்யும் இடங்களுக்குக் குறைவில்லை. அதனால் இந்த வேலைக்கும் தேவை இருந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் பெரிய கம்பெனிகள் இந்த வேலைக்கு நேரடியாக ஆள் எடுப்பது குறைவு. ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக எடுப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். உட்கார்ந்தது கம்பெனி நாற்காலியில், சம்பளம் வந்தது ஏஜென்சியிடமிருந்து. அடையாள அட்டையின் கயிறு மட்டும் வேறு நிறம். என் கைக்கு 35,000 ரூபாய் வந்தது. எனக்காகக் கம்பெனி ஏஜென்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று கடைசி நாள் வரை யாரும் சொல்லவில்லை. கேட்டால், "அது கமர்ஷியல் மேட்டர் மேடம்" என்று முடித்துவிடுவார்கள்.

ஏஜென்சிக்காரர்களைத் திட்டுவது எங்கள் டீக்கடைப் பொழுதுபோக்கு. நானும் திட்டியிருக்கிறேன். கம்பெனியில் பொருள் வாங்கும் பர்ச்சேஸ் பிரிவில் இருந்த ஒரு பெரியவர்தான் ஒருநாள் மறுபக்கத்தைச் சொன்னார். "ஏம்மா, உன்னை நேரா எடுத்தா நான் உனக்கு வெண்டர் கோடு போடணும். உன் பில்லுக்கு 60 நாள் கழிச்சுத்தான் பணம் வரும், அதுவரைக்கும் நீ தாங்குவியா? பாதியில நீ போயிட்டா அடுத்த வாரமே வேற ஆள் குடுப்பியா? அவன் குடுக்கிறான்ல." ஏஜென்சி விற்பது ஆளை மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சப்ளையர் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிற பெயர், கடன் தாங்கும் சக்தி, ஆள் போனால் மாற்று ஆள், இந்த மூன்றையும் சேர்த்து விற்கிறது. நேரடியாக வேலை பிடிக்க வேண்டுமென்றால் ஒன்று இந்த மூன்றையும் நானே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இந்த மூன்றும் தேவைப்படாத வாடிக்கையாளரைத் தேட வேண்டும்.

இரண்டாவது வழிதான் எளிது. அப்படிப்பட்டவர்கள் பெரிய கேட் உள்ள கம்பெனிகளில் கிடைக்க மாட்டார்கள். இருபது பேர், ஐம்பது பேர் வேலை செய்யும் மெஷின் ஷாப்களில் இருப்பார்கள். புதிதாக ஒரு விஎம்சி வாங்கியிருப்பார். ஒரு பெரிய சப்ளையரிடமிருந்து நான்கு பாகத்துக்கு ஆர்டர் வந்திருக்கும். நான்குக்கும் ஃபிக்ஸ்சர் வேண்டும். முழுநேர டிசைனரை வைக்கும் அளவுக்கு வருடம் முழுக்க வேலை இருக்காது. ஏஜென்சியும் இவரைத் தேடி வராது, ஒரு ஃபிக்ஸ்சருக்கெல்லாம் ஆள் அனுப்பினால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இந்த இடைவெளியில்தான் என் பிழைப்பு நடக்கிறது.

சரி, யார் மெஷின் வாங்கினார், யாருக்கு ஆர்டர் வந்தது என்று எப்படித் தெரியும்? முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். இணையத்தில் முகவரி எடுத்து, பயோடேட்டாவை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. இந்த முதலாளிகள் மின்னஞ்சலைத் திறப்பதே பர்ச்சேஸ் ஆர்டர் பார்க்கத்தான். பயோடேட்டா வந்தால் வேலை கேட்டு வந்த ஆள் என்று அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்குத் தள்ளிவிடுவார்கள்.

சேதி வந்தது வேறு ஆட்களிடமிருந்து. கட்டிங் டூல் விற்கும் ரெப்கள்தான் முதலில். அவர்கள் தினமும் ஷாப் ஷாப்பாகப் போகிறவர்கள். எந்த மெஷினில் எந்தப் பாகம் ஓடுகிறது, எங்கே பீஸ் அதிர்ந்து டிப் உடைகிறது என்று அவர்களுக்கு அத்துப்படி. டிப் உடைந்தால் முதலாளி ரெப்பைத்தான் திட்டுவார். பல நேரம் குற்றம் டூலில் இருக்காது, பீஸைப் பிடித்திருக்கும் விதத்தில் இருக்கும். "ஃபிக்ஸ்சரைச் சரி பண்ணுங்க சார், எனக்குத் தெரிஞ்ச மேடம் ஒருத்தங்க இருக்காங்க" என்று சொல்ல அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. என் முதல் நேரடி வேலை இப்படி வந்ததுதான். அந்த ரெப் கமிஷன் கேட்கவில்லை. அவர் டூல் விற்பனை நின்றுபோகாமல் இருந்ததே அவருக்குப் போதும்.

அடுத்து ஹீட் ட்ரீட்மென்ட் கடைகள். ஃபிக்ஸ்சரில் தேயக்கூடிய பாகங்களான, பீஸைச் சரியான இடத்தில் நிறுத்தும் லொக்கேட்டர், அடியில் தாங்கும் ரெஸ்ட் பேட் எல்லாம் கடினப்படுத்த அங்கேதான் வந்தாக வேண்டும். யார் புதிதாக ஃபிக்ஸ்சர் செய்கிறார்கள் என்பது அந்த வரிசையில் கிடக்கும் டப்பாக்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதேபோல சர்ஃபேஸ் கிரைண்டிங், வயர்கட் ஜாப் ஒர்க் செய்பவர்கள். இவர்களிடம் வரைபடம் வரும். அதில் டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு, கன்னாபின்னாவென்று இருந்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். 'இவங்க டிராயிங் தெளிவா இருக்கும்' என்று அவர்கள் வாயால் ஒரு வார்த்தை வந்தால் அது நூறு விசிட்டிங் கார்டுக்குச் சமம். பாரிமுனையில் லிங்கி செட்டி தெரு பக்கம் டாகிள் கிளாம்ப், போல்ட், டவல் பின் வாங்கப் போகும்போதும் கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்.

பெரிய வாய்ப்பு என்றால் அக்மி கண்காட்சி. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் சங்கம் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் மெஷின் டூல் கண்காட்சி அது. வேலை தேடிப் போகிறவர்கள் கம்பெனி ஸ்டால்களில் நிற்கும் எச்ஆரிடம் பேசப் பார்ப்பார்கள். நான் மெஷின் விற்கும் ஸ்டால்களுக்குப் பக்கத்தில் நிற்பேன். அங்கே விலை பேசிக்கொண்டிருப்பவர்தான் இன்னும் மூன்று மாதத்தில் ஃபிக்ஸ்சர் தேடப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் தாங்காது. வேலை நாளில், காலையிலேயே போய்விட வேண்டும். மெஷின் விற்பனை இன்ஜினியர்களிடம் நட்பு வைத்துக்கொள்வதும் நல்லது. மெஷினை விற்றுவிட்டு, ஃபிக்ஸ்சர் தயாராகாததால் அது மூடிப்போட்டுக் கிடந்தால் அவர்களுக்கும் தலைவலிதான்.

அடுத்த கேள்வி, என்னத்தைக் காட்டுவது? பழைய கம்பெனியில் செய்த டிசைன்களைக் காட்டக் கூடாது. அவை அவர்களுடைய சொத்து, ரகசிய ஒப்பந்தம் வேறு உண்டு. சிலர் பெயரை மட்டும் அழித்துவிட்டுக் காட்டுகிறார்கள். பார்க்கிற முதலாளிக்கு என்ன தோன்றும்? நாளைக்கு என் டிராயிங்கையும் இப்படித்தானே அடுத்தவனிடம் காட்டுவாள் என்று தோன்றும். நான் புதுப்பேட்டைக்குப் போனேன். கழற்றிய வண்டிப் பாகங்கள் குவிந்து கிடக்கும் இடம், சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரம் பேசி ஒரு பிரேக் காலிப்பர் ஹவுசிங், ஒரு ஆயில் பம்ப் பாடி, ஒரு இன்ஜின் பிராக்கெட் வாங்கி வந்தேன். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, வெர்னியரை வைத்து அளந்து, மாடல் போட்டு, மூன்றுக்கும் ஃபிக்ஸ்சர் டிசைன் செய்தேன். வேறு யாருக்கும் சொந்தமில்லாத, முழுக்க என்னுடைய மூன்று டிசைன். அதிலும் அழகான வண்ணப் படங்களை யாரும் பார்க்கவில்லை. கிளாம்ப் திறந்த நிலை, மூடிய நிலை, டூல் வந்து போக இடைவெளி, பீஸை ஏற்றி இறக்கும் கை எங்கே நுழையும், இந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள். பாகத்தையும் கையோடு பையில் போட்டுக்கொண்டு போவேன். இரும்பைக் கையில் எடுத்தவுடன் இந்த முதலாளிகள் முகம் மாறிவிடும், பேச்சு தானாக வரும்.

பெண் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி "எச்ஆர் பாக்கணுமா மேடம்?" என்றுதான் கேட்பார். ஷாப் உள்ளே போகவே விடாமல் ஆபீஸ் அறையில் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். "மெஷின் பக்கத்தில் போய்ப் பேசலாமா சார்?" என்று நானே எழுந்துவிடுவேன். சின்ன ஷாப்களில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது. அதனால் ஒரே நாளில் வரிசையாகப் பல இடம் போகும் திட்டம் போடாதீர்கள். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் தொழிற்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம், முடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஒரகடம், காக்களூர் எல்லாம் அப்படி இல்லை.

போகும் நாளும் முக்கியம். சனிக்கிழமை பல ஷாப்களில் வாரக்கூலி நாள். முதலாளி இருப்பார், ஆனால் மனசு காசு எண்ணுவதில் இருக்கும். மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கடி. மாதத்தின் இரண்டாவது வாரம், செவ்வாய் புதன் மதியம், இதுதான் எனக்கு ஒத்துவந்த நேரம். ஆயுத பூஜை அன்று போய்ப் பொரி சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வேலை மட்டும் கேட்காதீர்கள்.

திருமுடிவாக்கத்தில் ஒரு முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரிம்மா. நீங்க டிராயிங் குடுத்துட்டுப் போயிடுவீங்க. ட்ரையல்ல பீஸ் ஆடுச்சுன்னா நான் யாரைக் கூப்பிடுறது?" பர்ச்சேஸ் பெரியவர் சொன்ன மூன்றாவது விஷயம் இதுதான், வேறு உருவத்தில் வந்திருக்கிறது. ஏஜென்சி மாற்று ஆள் கொடுக்கும், என்னால் முடியாது. அதற்குப் பதில் நான் கொடுத்தது ட்ரையல். டிசைன் விலைக்குள்ளேயே முதல் ட்ரையலுக்கு நான் நேரில் வருவேன், என் டிசைனால் வந்த குறை என்றால் இலவசமாகத் திருத்தித் தருவேன் என்று எழுதியே கொடுத்தேன். வேலை கிடைத்தது. இரவு ஷிஃப்டில்தான் மெஷின் கிடைத்தது என்பதால் வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன், அது தனிக் கதை. அன்றிலிருந்து எல்லாக் கொட்டேஷனிலும் ட்ரையல் வரி இருக்கும். எங்கள் தொழிலில் டெஸ்க்டாப்போடு நிற்கிற டிசைனர்கள் நிறைய. மெஷின் பக்கத்தில் எண்ணெய்ச் சேற்றில் வந்து நிற்கத் தயாராக இருப்பதுதான் நேரடி ஆளுக்கு இருக்கும் பெரிய பலம் என்பது என் கருத்து.

இனி விலை. ஏஜென்சியிலிருந்து வெளியே வருகிறவர்கள் பழைய சம்பளத்தை 22 நாளால் வகுத்து, அதற்கு மேல் கொஞ்சம் போட்டு ரேட் சொல்கிறார்கள். நேரடி வேலையில் மாதம் 22 நாளுக்கு பில் போடவே முடியாது. அலைவது, கொட்டேஷன் போடுவது, பணத்துக்குப் போன் பண்ணுவது, சும்மா இருப்பது எல்லாம் போக 14, 15 நாள் தேறினால் பெரிய விஷயம். மாதம் 50,000 கையில் நிற்க வேண்டும் என்று வையுங்கள். ஏஜென்சி பிடித்துக் கட்டிய பிஎஃப் இனி இல்லை, மருத்துவக் காப்பீடு நாமே எடுக்க வேண்டும், சாஃப்ட்வேர், லேப்டாப், பெட்ரோல். இதற்கெல்லாம் 15,000 சேருங்கள். 65,000-ஐ 14-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 4,600-க்குக் கொஞ்சம் மேல், மணிக்கு 580 ரூபாய் வாக்கில் வரும். இது உங்கள் மனதுக்குள் இருக்க வேண்டிய கணக்கு. வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கு பேசாதீர்கள். "இதுக்கு எதுக்கு இத்தனை மணி நேரம்?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு ஃபிக்ஸ்சருக்கு இவ்வளவு என்று மொத்த விலை சொல்லுங்கள்.

மொத்த விலை சொன்னால் வேலையின் எல்லையையும் எழுத வேண்டும். நான் எழுதுவது ஒரே பக்கம். எந்தப் பாகம், வரைபடத்தின் எந்த ரிவிஷன் (திருத்தப் பதிப்பு), எந்த மெஷின், மேசை அளவு என்ன. கான்செப்ட் இரண்டு தருவேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு இரண்டு முறை திருத்தம் இலவசம். பாகத்தின் ரிவிஷன் மாறினால் தனி விலை. இந்தக் கடைசி வரிதான் சோறு போடுகிறது. எங்கள் வாடிக்கையாளருக்கு மேலே ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், அவருக்கும் மேலே வண்டிக் கம்பெனி. மேலே யாரோ ஒருவர் ஒரு துளையை மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினால் கீழே என் லொக்கேட்டர், கிளாம்ப் எல்லாம் மாறும். ரிவிஷன் எண்ணை எழுதி வைத்திருந்தால் கூடுதல் பணம் கேட்க வாய் வரும், இல்லாவிட்டால் வராது.

பணம் மூன்று தவணை. ஆர்டரோடு கொஞ்சம், கான்செப்ட் ஒப்புதலுக்குப் பெரும்பகுதி, மீதி கடைசி வரைபடத்தோடு. ஒப்புதலுக்கு பிடிஎஃப் மட்டும் போகும். மூல மாடல் ஃபைல்கள் கடைசிப் பணம் வந்த பிறகு. முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே என்று தயங்க வேண்டாம், முதலிலேயே எழுதிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. முறையான பர்ச்சேஸ் ஆர்டர் போடத் தெரியாத சின்ன ஷாப் என்றால், என் ஒரு பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பி "ஓகே" என்று ஒரு பதில் வாங்கிவிடுவேன். மின்னணு முறையில் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 10ஏ பிரிவே இருக்கிறது.

டிசைன் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிவிடுங்கள். ஊழியர் வரைந்தால் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது முதலாளிக்குச் சொந்தம். வெளி ஆள் வரைந்தால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக வரைந்தவர்தான் முதல் உரிமையாளர். மாற்றித் தருவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பெரிய கம்பெனி வக்கீல்கள் இதை விடமாட்டார்கள். அவர்கள் கேட்கும் முன் நானே 'முழுப் பணமும் வந்தவுடன் உரிமை முழுவதும் உங்களுக்கு, காலவரம்பு இல்லை' என்று எழுதிவிடுகிறேன். 'முழுப் பணமும் வந்தவுடன்' என்பதுதான் அதில் என் பங்கு.

கடன் தாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்சி 60 நாள், 90 நாள் தாங்கும். தனி ஆள் தாங்க முடியாது. இதில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, ஆனால் பலருக்குத் தெரியவில்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதார், பான் இருந்தால் அரசுத் தளத்தில் நாமே செய்துவிடலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அது இடைத்தரகர் தளம். சேவைத் தொழில் செய்யும் தனி ஆளும் குறுந்தொழிலாகப் பதியலாம். பதிந்தவருக்கு, 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் வர வேண்டும். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று கையெழுத்தே போட்டிருந்தாலும் 45-ஐத் தாண்ட முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இன்னொன்று: வேலையைக் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். அதனால் ஃபைல் கொடுத்த தேதிக்கு ஒரு மின்னஞ்சல் ஆதாரம் வைத்திருங்கள்.

வட்டிச் சட்டத்தைவிட வேலை செய்வது வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்). 2023 நிதிச் சட்டத்தில் வந்தது. குறு, சிறு தொழிலுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தச் செலவை வாங்கியவர் அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். அந்தப் பிரிவு வந்த பிறகு மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸ் ஆட்களே போன் பண்ணி "மேடம், உங்க உத்யம் நம்பர் அனுப்புங்க" என்கிறார்கள். மறுபக்கமும் உண்டு. உத்யம் இருக்கிறது என்றவுடன் ஓர் இடத்தில் முகம் சுருங்கி, அடுத்த வேலை வரவே இல்லை. பணம் தாமதமாகத்தான் தருவேன் என்று நினைக்கிறவர் முன்கூட்டியே விலகிக்கொண்டது எனக்கு நல்லதுதான். இழுத்தடித்தால் அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம், அது இந்தப் பணத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் வாடிக்கையாளர் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஆனால் வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பில் நிலுவையான பிறகு பதிந்துகொண்டு பழைய பாக்கியைக் கேட்டால் வழக்கு சிக்கலாகிவிடும்.

வரி பற்றிச் சுருக்கமாக. சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் வருடம் 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, வெளிமாநிலத்துக்கு வேலை செய்தாலும் இதே வரம்புதான். ஆனால் கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் பதிவு கேட்பார்கள். 18 சதவீதம் சேர்வதால் விலை கூடிவிடுமே என்று பயப்பட வேண்டாம், அவர்கள் அதைத் திரும்ப வரவு வைத்துக்கொள்வார்கள். பில் தொகையிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரியான டிடிஎஸ் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி பிடிப்பார்கள். ஒருவர் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம், இன்னொருவர் தொழில்நுட்பச் சேவை என்று 2, மற்றொருவர் கான்ட்ராக்ட் என்று 1. சண்டை போடுவதைவிட, நம் பான் எண்ணில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும், ரிட்டர்னில் கணக்காகிவிடும். பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனைத் தொழில்களுக்கு 44ஏடிஏ என்று ஒரு வசதி உண்டு. வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவுக் கணக்குப் புத்தகம் தேவையில்லை. வரம்பு 50 லட்சம், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். முன்வரியை (அட்வான்ஸ் டேக்ஸ்) மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிடலாம். நான் சொன்ன பிரிவு எண்கள் 1961 சட்டத்துடையவை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம், எண்கள் வேறு. வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

சாஃப்ட்வேர் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நம் ஊரில் தனியாக டிசைன் செய்பவர்களில் பலர் ஓட்டுவது திருட்டுப் பிரதி. கம்பெனி சிஸ்டத்தில் இருந்தவரை லைசென்ஸ் அவர்கள் கவலை, வெளியே வந்தால் நம் கவலை. ஒழுங்கான வாடிக்கையாளர் இதைக் கேட்பார், ஏனென்றால் பிரச்சினை வந்தால் அவர் பெயரும் அடிபடும். லைசென்ஸ் வாங்கக் காசு இல்லையென்றால் இரண்டு வழி. வாடிக்கையாளரிடம் லைசென்ஸ் இருந்தால் அவர் சிஸ்டத்தில் உட்கார்ந்து செய்வது, அல்லது ஃப்ரீகேட் போன்ற இலவசமானதில் செய்து பொதுவான ஸ்டெப் ஃபைலாகக் கொடுப்பது. ஃபியூஷன் சாஃப்ட்வேரின் தனிநபர் இலவச உரிமத்தில் காசு வாங்கிய வேலையைச் செய்யாதீர்கள், அதற்கான உரிமம் அது இல்லை.

பழைய ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்: விலகிய பின் இத்தனை மாதத்துக்கு எங்கள் வாடிக்கையாளரிடம் நேரடியாக வேலை செய்யக் கூடாது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகும் தொடரும் தடையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் அந்தக் கம்பெனியும் ஏஜென்சியோடு இதேபோல ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கும், அதை மீறி உங்களை எடுக்க அவர்கள் துணிய மாட்டார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அம்பத்தூரில் யார் யாரை வெட்டிவிட்டு வேலை எடுத்தார் என்ற சேதி சாயங்காலத்துக்குள் பாடி மேம்பாலம் தாண்டிவிடும். ஆனால் அந்தக் கம்பெனியில் என்னோடு இருந்தவர்கள் இப்போது வேறு பத்து இடங்களில் இருக்கிறார்கள். அவர்கள் வழியாக வரும் வேலைக்கு எந்தத் தடையும் இல்லை.

ஏஜென்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்து முடித்த முதல் சில வருடம் ஏஜென்சி வழியாகவாவது ஒரு பெரிய டூல் ரூமில் இருந்தால்தான் கை பழகும். புதிதாக வருகிறவருக்கு எந்த முதலாளியும் நேராக ஃபிக்ஸ்சர் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. அப்புறம், சில பெரிய கம்பெனிகளில் சப்ளையர் பட்டியல் மூடியே கிடக்கும், எவ்வளவு பிடித்துப் போயிருந்தாலும் தனி ஆளுக்கு வெண்டர் கோடு போட மாட்டார்கள். அப்படி ஓர் இடத்தில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்னைத்தான் வேண்டும் என்றார். அவர்கள் பட்டியலில் இருந்த ஏஜென்சியிடம் நானே போனேன். "ஆளும் நான்தான், வேலையும் நானே கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் பில் போட்டுப் பணம் வாங்கித் தந்தால் போதும். உங்கள் பங்கு எவ்வளவு?" அவர்கள் தேட வேண்டியதில்லை, இன்டர்வியூ ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை, என்னைத் தக்கவைக்கும் கவலையும் இல்லை. சொன்ன சதவீதம் மிகவும் குறைவு. கம்பெனி கொடுக்கும் தொகையை எனக்குக் காட்ட வேண்டும், கம்பெனியிடமிருந்து வந்தாலும் வராவிட்டாலும் 30 நாளில் எனக்குப் பணம் தர வேண்டும் என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டேன். முதல் நிபந்தனைக்குத்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தார்கள். இரண்டாவதற்கு உடனே சரி என்றுவிட்டார்கள், பணத்தை முன்கூட்டிப் போடுவதுதானே அவர்கள் தொழில்.